அழுகின முட்டை வாசனையும் என் மச்சினன் கேட்ட கேள்வியும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். என்னிடம் வேதியியல் படித்தவர்கள் மட்டும் கட்டாயம் படிக்க வேண்டும். பயப்படாதீர்கள், தேர்வு கிடையாது.

சில மாதங்களுக்கு முன் என் மச்சினனுக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் கண் மஞ்சளாகி, வாந்தி நிற்காமல், மருத்துவமனையில் சேர்த்தோம். எஸ்.ஜி.பி.டி. ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. அன்று இரவு துணைக்கு நான்தான் இருந்தேன். செவிலியர் ஒருவர் சின்ன மருந்துக் குப்பியை உடைத்து டிரிப்ஸில் கலந்தார். அறை முழுக்க அழுகின முட்டை வாசனை. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சாரி சார், இந்த மருந்து இப்படித்தான் நாறும்" என்றார். எனக்கோ பழைய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. உப்புப் பகுப்பாய்வு வகுப்புக்காகக் கிப் உபகரணத்தின் பக்கத்தில் முப்பத்து நாலு வருஷம் நின்றவன் நான். கந்தகம் எங்கே இருந்தாலும் என் மூக்குக்குத் தெரியும்.

"என்ன மருந்தும்மா?"

"அசிட்டைல்சிஸ்டீன் சார்."

சிஸ்டீன் கந்தகம் உள்ள அமினோ அமிலம். சரி, வாசனைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் ஈரலுக்கு எதற்குக் கந்தகம்?

அந்த நேரம் பார்த்து மச்சினன் கண்ணைத் திறந்து கேட்டான்: "அத்தான், ஈரல்ல வீக்கம்னு சொல்றாங்க. வீக்கத்துக்கு ஒரு மாத்திரை போட்டா அடங்கிடாதா? முட்டிவலிக்குப் போடுவேனே, அது மாதிரி?"

நல்ல கேள்வி. ஒரு ரசாயனம் கல்லீரலைத் தாக்கும்போது, வீக்கத்தையும் அழற்சியையும் குறைக்கும் மருந்து கல்லீரல் செல்களைக் காப்பாற்றுமா? "தூங்குடா மாப்ளே" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். மறுநாள் வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். பதில் ஒரு வரியில் இல்லை. நூறு வருஷத்துக்கு மேலான ஒரு கதைக்குள் ஒளிந்திருந்தது.

அவன் கல்லீரலைத் தாக்கிய ரசாயனம் பாராசிட்டமால். ஆமாம், உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் இருக்கும் அதே காய்ச்சல் மாத்திரைதான். முதல் நாள் ஒரு மாத்திரை. காய்ச்சல் இறங்கவில்லை என்று கடையில் சளிக்கு ஒன்று, உடம்புவலிக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மூன்று அட்டை, மூன்று பெயர், மூன்று நிறம். மூன்றிலும் பாராசிட்டமால். அத்தோடு வாய்க்கசப்பால் நான்கு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கதை 1886இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் தொடங்குகிறது. கான், ஹெப் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் குடற்புழுவுக்காக ஒரு நோயாளிக்கு நாப்தலீன் கொடுத்தார்கள். (நம் பீரோவில் போடும் உருண்டையேதான். அந்தக் காலத்து வைத்தியம் அப்படி.) புழு போகவில்லை, ஆனால் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆச்சரியப்பட்டுப் பார்த்தால், மருந்துக்கடையில் நாப்தலீனுக்குப் பதிலாக அசிட்டனிலைடு என்ற வேறு பொருளைக் கொடுத்திருந்தார்கள். கடைக்காரர் செய்த தவற்றில் ஒரு புது மருந்து பிறந்தது. 'ஆண்டிஃபெப்ரின்' என்ற பெயரில் சந்தைக்கும் வந்தது. ஆனால் அதைச் சாப்பிட்ட சிலருக்கு உதடும் நகமும் நீலம் பாய்ந்தன. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக மாற்றிவிடும் குணம் அதற்கு இருந்தது.

பாராசிட்டமால் அதற்கும் முன்பே, 1878இல், மோர்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளரால் தயாரிக்கப்பட்டது. மருந்தாக்கும் எண்ணமெல்லாம் அப்போது இல்லை. 1893இல் ஃபான் மேரிங் என்ற ஜெர்மானியர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, இதுவும் ரத்தத்தைக் கெடுக்கிறது என்று எழுதினார். அவருடைய சரக்கில் வேறு ஏதாவது கலந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். எப்படியோ, அந்த ஒரு குறிப்பால் அரை நூற்றாண்டு பாராசிட்டமாலை யாரும் தொடவில்லை.

1948இல் நியூயார்க்கில் பெர்னார்ட் புரோடி, ஜூலியஸ் ஆக்ஸல்ராட் இருவரும் அசிட்டனிலைடு உடம்புக்குள் போய் என்னவாகிறது என்று பார்த்தார்கள். பெரும்பகுதி பாராசிட்டமாலாக மாறுகிறது, காய்ச்சலையும் வலியையும் குறைப்பது அந்தப் பாராசிட்டமால்தான், ரத்தத்தைக் கெடுப்பது வேறொரு கிளைப்பொருள் என்று கண்டார்கள். அப்படியானால் நல்லதை மட்டும் நேராகக் கொடுத்துவிடலாமே! (ஆக்ஸல்ராட் அப்போது முனைவர் பட்டம்கூட வாங்காத ஆய்வக ஊழியர். 1970இல் வேறொரு ஆய்வுக்காக நோபல் பரிசு வாங்கினார். 'எனக்கு டிகிரி இல்லையே சார்' என்று புலம்பும் என் மாணவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.)

1955இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான டைலனால் சிரப், சிவப்புத் தீயணைப்பு வண்டி போல அச்சிட்ட பெட்டியில் வந்தது. அடுத்த வருஷம் பிரிட்டனில் பனடால். ஆஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்கும், இது ஆக்காது. உலகம் முழுக்கப் பரவியது.

பத்தே வருஷம். 1966இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து டேவிட்சன், ஈஸ்ட்ஹம் என்ற இரு மருத்துவர்கள், அளவுக்கு மீறிப் பாராசிட்டமால் உட்கொண்ட இரண்டு பேரின் கல்லீரல் செல்கள் கூட்டமாக மடிந்துபோனதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதன் பிறகு இப்படிப்பட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மருத்துவர்களைத் திகைக்க வைத்தது ஒரு விஷயம்: நோயாளி முதல் நாள் நன்றாகவே இருப்பார். கொஞ்சம் குமட்டல், அவ்வளவுதான். வீட்டுக்குப் போகிறேன் என்பார். கல்லீரல் சேதம் வெளியே தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். அப்போது கையில் எதுவும் இருக்காது.

இந்தப் புதிரை 1973இல் அவிழ்த்தவர்கள் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ஜெரி மிட்செல், டேவிட் ஜாலோ முதலியோர். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் கடைசிப் பெயரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதே பெர்னார்ட் புரோடி! பாராசிட்டமாலை நல்ல பிள்ளை என்று 1948இல் கைப்பிடித்து அழைத்து வந்தவர், கால் நூற்றாண்டு கழித்து அதன் மறுமுகத்தைக் காட்டிய குழுவிலும் இருந்திருக்கிறார். எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது.

அவர்கள் கண்டது இது. நாம் விழுங்கும் பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் ஒரு சர்க்கரைப் பொருளோடோ சல்ஃபேட்டோடோ ஒட்டி, சிறுநீரில் அனுப்பிவிடும். ஆபத்தில்லாத வழி. ஒரு சிறு பகுதியை மட்டும் கல்லீரலின் சில நொதிகள் வேறு விதமாக மாற்றுகின்றன. அப்படி உண்டாகும் பொருள் பொல்லாதது. பக்கத்தில் எந்தப் புரதம் இருந்தாலும் போய் ஒட்டிக்கொண்டு அதைக் கெடுத்துவிடும். ஆக, விஷம் பாராசிட்டமால் அல்ல, அதிலிருந்து கல்லீரல் தன் கையாலேயே செய்துகொள்ளும் பொருள்.

சாதாரண நாளில் இதனால் ஒன்றும் ஆகாது. ஏனென்றால் கல்லீரலில் குளுட்டாதையோன் என்று ஒரு காவல்காரன் உண்டு. மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறு மூலக்கூறு, நடுவில் இருப்பது சிஸ்டீன். அந்தச் சிஸ்டீனின் கந்தகம் பொல்லாத பொருளைத் தானே முன்வந்து பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் ஒரு காவல்காரன் செலவு. அளவு மீறினால் காவல்காரர்கள் தீர்ந்துபோவார்கள். எலிகளில் அளந்து பார்த்தபோது, ஏறக்குறைய 70 சதவீதம் குளுட்டாதையோன் தீரும்வரை கல்லீரல் புரதங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குமேல் போனதும் புரதங்களில் விஷம் ஒட்டத் தொடங்கியது, செல்கள் மடிந்தன.

இப்போது மச்சினன் நான்கு நாள் சாப்பிடாததற்கு வருவோம். பட்டினியில் குளுட்டாதையோன் கையிருப்பு குறையும். நிறையக் குடிப்பவர்களுக்கும் குறைவுதான். அவன் குடிப்பவன் அல்ல. ஆனால் காவல்காரர்கள் ஏற்கெனவே பாதிப் பேர் விடுப்பில் இருந்த வீட்டுக்குள் மூன்று அட்டை மாத்திரை நுழைந்திருக்கிறது.

காரணம் தெரிந்தால் வைத்தியம் தானாக வரும். குளுட்டாதையோனை நேராகக் கொடுத்தால் செல்லுக்குள் சரியாகப் போகாது. அதைச் செய்யத் தேவையான கந்தகச் சரக்கைக் கொடுக்கலாம். எடின்பரோவில் லாரி பிரெஸ்காட் என்ற மருத்துவர் 1974இல் சிஸ்டியமைன் என்ற பொருளைக் கொடுத்துப் பார்த்தார். வேலை செய்தது. ஆனால் நோயாளிகளைக் குமட்டலும் வாந்தியும் வாட்டி எடுத்தன. பிறகு அவர் கண் ஏற்கெனவே மருந்துக்கடையில் இருந்த ஒன்றின் மேல் விழுந்தது. கெட்டியான சளியைக் கரைக்கக் கொடுத்துவந்த அசிட்டைல்சிஸ்டீன். 1977இல் முதல் முடிவுகள். 1979இல் நூறு நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 10 மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்கள் 62 பேர். அவர்களில் கடுமையான கல்லீரல் சேதம் வந்தது ஒரே ஒருவருக்கு. இந்த மருந்து இல்லாமல் பொதுவான சிகிச்சை மட்டும் பெற்ற பழைய நோயாளிகள் 57 பேரில் 33 பேருக்கு வந்திருந்தது. எட்டு மணி நேரத்துக்குள் என்றால் கிட்டத்தட்ட முழுப் பாதுகாப்பு. அதற்குப் பிறகு மணிக்கு மணி பலன் குறைந்தது.

அதனால்தான், அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால் 'ஆள் நல்லாத்தானே இருக்கார்' என்று காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்கிறார்கள். வேண்டுமென்றே விழுங்கியிருந்தாலும் சரி, தெரியாமல் கூடிப்போயிருந்தாலும் சரி. திட்டுவதையும் விசாரிப்பதையும் பிறகு வைத்துக்கொள்ளலாம். நான் ஆசிரியனாக இருந்தவன். தேர்வு முடிவு வரும் வாரங்களில் எந்த வீட்டுக் கதவு எப்படித் தட்டப்படும் என்று எனக்குத் தெரியும்.

நேரம் கடந்து வந்தால்? 1991இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில், கல்லீரல் ஏற்கெனவே செயலிழந்துவிட்ட 50 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு இதே மருந்தைக் கொடுத்தார்கள். கொடுத்த 25 பேரில் 12 பேர் பிழைத்தார்கள், கொடுக்காத 25 பேரில் 5 பேர். காவல்காரனை நிரப்பும் காலம் முடிந்த பிறகும் மருந்து வேறு வழிகளில் உதவியிருக்கிறது. மச்சினனுக்கு ஆறாம் நாள் அதை ஏற்றியது இந்த வகையில்தான்.

கதை தொடங்கியதிலிருந்து இதுவரை அழற்சி என்ற சொல்லே வரவில்லை, கவனித்தீர்களா? கல்லீரலைக் காப்பாற்றியது வீக்க மாத்திரை அல்ல, கந்தகம். ஆனால் மச்சினன் கேள்வியை அத்தோடு தள்ளிவிட முடியாது. விஞ்ஞானிகளும் அதையே கேட்டிருக்கிறார்கள்.

செல்கள் மடிந்தால் உடம்பு சும்மா இருக்காது. மடிந்த செல்லிலிருந்து கசியும் பொருள்கள் அபாயச் சங்கு ஊதும். வெள்ளையணுக்கள் ஓடி வரும். கல்லீரலிலேயே குடியிருக்கும் குப்ஃபர் செல்கள் விழித்துக்கொள்ளும். இந்தக் கூட்டம் சாம்பலை அள்ள வருகிறதா, மிச்ச வீட்டையும் கொளுத்த வருகிறதா? சண்டையே இதில்தான்.

1995இல் ஓர் அமெரிக்க ஆய்வகம் குப்ஃபர் செல்களை முடக்கிவிட்டு எலிகளுக்குப் பாராசிட்டமால் கொடுத்தது. சேதம் குறைந்தது. 2002இல் இன்னொரு குழு வேறு முறையில் அந்தச் செல்களையே அகற்றிவிட்டுக் கொடுத்தது. சேதம் கூடியது! அதே பாராசிட்டமால்தான், முடிவு மட்டும் தலைகீழ்.

முட்டிவலி மாத்திரைகளின் கதையும் இப்படித்தான். ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்களின் உற்பத்தியைத் தடுத்துத்தான் வீக்கத்தைக் குறைக்கின்றன. 1971இல் ஜான் வேன் இதைக் கண்டுபிடித்தார், 1982இல் நோபல் பரிசு. அந்தப் புரோஸ்டாகிளாண்டின் வீக்கத்தை மட்டும் செய்வதில்லை. கல்லீரலைக் கெடுப்பதற்கென்றே ஆய்வகங்களில் பயன்படும் கார்பன் டெட்ராகுளோரைடை எலிக்குக் கொடுத்து, கூடவே புரோஸ்டாகிளாண்டின் வகைப் பொருள் ஒன்றைக் கொடுத்தபோது கல்லீரல் காப்பாற்றப்பட்டது என்று 1981இல் எழுதினார்கள். 2001இல் அதை உண்டாக்கும் காக்ஸ்-2 நொதியே இல்லாத எலிகளுக்குப் பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த எலிகளின் கல்லீரல் மற்றவற்றைவிட மோசமாகக் கெட்டது. வீக்க மாத்திரை செய்வதும் இதே நொதியைத் தடுப்பதைத்தான்.

2009இல் மறுபடியும் காற்று திசை மாறியது. யேல் பல்கலைக்கழகத்தில் வஜாஹத் மெஹல் குழு, பாராசிட்டமால் கொடுத்த எலிகளுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்தால் சாவு குறைகிறது என்று எழுதியது. அபாயச் சங்கின் சத்தத்தை அது அடக்குகிறது என்பது விளக்கம். பெரும் பரபரப்பு. ஆனால் 2011இல் கான்சாஸில் ஹார்ட்மட் யேஷ்கே குழு, அந்தச் சங்கின் முக்கிய உறுப்பே இல்லாத எலிகளிலும் பாராசிட்டமால் சேதம் அதே அளவுதான் என்று காட்டியது.

நல்ல மனிதர்கள் நேர்மையாகச் செய்த சோதனைகள் ஏன் இப்படி முட்டிக்கொள்கின்றன? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. செய்முறை வகுப்பில் நான் தொண்டை வறளச் சொன்னது: கரைப்பானையும் ஒரு வேதிப்பொருளாக மதியுங்கள். சில ஆய்வகங்கள் மருந்தை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து எலிக்குக் கொடுத்தன. அந்தக் கரைப்பானே பாராசிட்டமாலை விஷமாக மாற்றும் நொதியைத் தடுக்கும். அதாவது விஷம் உருவாகவே இல்லை. எலி பிழைத்தது, புகழ் கரைந்திருந்த மருந்துக்குப் போனது! 2008இல் இன்னொரு வேடிக்கையும் வெளியானது. ஒருவகை வெள்ளையணுக்கள்தான் கல்லீரலைக் கெடுக்கின்றன என்று சொல்லிவந்தது, அந்தக் கரைப்பான் சேர்த்தால் மட்டுமே உண்மை.

இரண்டாவது வலை, நேரம். பல சோதனைகளில் 'காக்கும் மருந்தை' எலிக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் பிறகுதான் விஷம் கொடுக்கிறார்கள். மனிதன் யார் மூன்று நாள் முன்பே காவலைப் போட்டுவிட்டு விஷத்தை விழுங்குகிறான்? முன்கூட்டியே கொடுத்த பொருள் விஷமாக்கும் நொதியைத் தடுத்திருந்தால், அது தீயை அணைக்கவில்லை, தீக்குச்சியை ஒளித்து வைத்திருக்கிறது. நம் வாட்ஸ்அப்பில் சுற்றும் 'ஈரலைக் காக்கும் மூலிகை, ஆய்வில் நிரூபணம்' செய்திகளையும் இந்த இரண்டு கேள்வியோடு படியுங்கள். எதில் கரைத்தார்கள்? எப்போது கொடுத்தார்கள்? மூலிகை மேல் எனக்குப் பகை இல்லை. கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்.

மச்சினன் சொன்ன முட்டிவலி மாத்திரைகளின் சொந்த வரலாறும் ஈரல் விஷயத்தில் சுத்தமில்லை. பெனாக்ஸாபுரொஃபென் என்ற வாத மருந்து, முதியவர்கள் மஞ்சள் காமாலையில் இறந்ததை அடுத்து 1982இல் விலக்கப்பட்டது. புரோம்ஃபெனாக் மாத்திரை 1997இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்து, கல்லீரல் செயலிழப்புகளால் அடுத்த வருஷமே வெளியேறியது. நம் ஊரில் குழந்தைகளின் காய்ச்சலுக்குத் தாராளமாக ஊற்றிய நிமெசுலைடை 12 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2011இல் இந்திய அரசு தடை செய்தது.

பத்து நாளில் மச்சினன் வீடு திரும்பினான். அவனைப் பார்க்கப் போனபோது அந்த மூன்று அட்டைகளையும் எடுத்து வரச் சொன்னேன். உடம்புவலிக்கு என்று கடையில் கொடுத்த சிவப்பு அட்டையைத் திருப்பிக் காட்டினேன். ஏசிக்ளோஃபெனாக், அதாவது வீக்க மாத்திரை. அதற்குக் கீழே, பாராசிட்டமால் 325 மில்லிகிராம்.

"நீ கேட்ட மாத்திரை இதுதான் மாப்ளே. ஏற்கெனவே போட்டிருக்கே."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இவ்ளோ பொடி எழுத்துல போட்டா எவன் அத்தான் படிப்பான்?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆரோக்கியமான பெரியவருக்கு எல்லா மாத்திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் பாராசிட்டமால் போகக் கூடாது, சாப்பிடாமல் கிடப்பவருக்கும் குடிப்பவருக்கும் மெலிந்தவருக்கும் மருத்துவர்கள் இன்னும் குறைப்பார்கள் என்று மட்டும் சொன்னேன். அவன் மனைவி அதை நாட்காட்டியின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

தேர்வு கிடையாது என்று சொன்னேன், வீட்டுப்பாடம் உண்டு. உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவைக் கொட்டி, எத்தனை அட்டைகளின் பின்னால் பாராசிட்டமால் என்று இருக்கிறது என எண்ணிக் கீழே எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஏழு.